நேற்று வரையில் நன்றாய்த்தான் இருந்தது!

வைத்தியர்களுக்கும், வக்கீல்களுக்கும், யந்திரம் பழுது பார்ப்பவர்களுக்கும் நன்கு பழக்கமான வாக்கியம் ஒன்று உண்டு. அவர்களுடைய வாசற்படி ஏறி வருகிறவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்லிக் கொண்டேதான் வருவார்கள். "நேற்று வரையில் நன்றாய்த்தான் இருந்தது, ஐயா!" என்பதே அந்த வாக்கியம். உடம்பைப் பற்றியும், உடன்பிறந்தார் உறவைப் பற்றியும், மேஜை மீதுள்ள கம்ப்யூட்டரைப் பற்றியும் மனிதர்கள் ஒரே விதமாகத்தான் முறையிட்டுக் கொள்கிறார்கள்.

இதைக் கேட்டு அலுத்துக் கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் இது அலட்சியம் செய்யத் தக்க வார்த்தை அல்ல. நோயின் ஜாதகத்தில் பாதி அதிலேயே அடங்கியிருக்கிறது. காலையில் பொத்தானை அமுக்கியதும் சட்டென்று கண் விழித்துக் கொண்டிருந்த யந்திரம், ஒரு நாள் திடீரென்று சோம்பல் முறித்துக் கொண்டு, காப்பி ஆறிப் போகும் வரையில் எழுந்திராமல் கிடந்தால் என்ன செய்வது? எதை முதலில் செய்வது? எதைச் செய்யவே கூடாது? இந்த வாரம் அதைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம்.

முதுமை வேறு, நோய் வேறு

வாங்கிய வருஷத்தில் அரை நிமிஷத்தில் விழித்த கம்ப்யூட்டர், இரண்டு வருஷம் கழித்து ஒரு நிமிஷமும், நாலு வருஷம் கழித்து இரண்டு நிமிஷமும் எடுத்துக் கொண்டால் அது முதுமை. வீட்டுப் பரணில் சாமான் சேருவது போல் அதற்குள்ளும் சாமான் சேர்ந்து விட்டது என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாவகாசமாக உட்கார்ந்து வேண்டாதவற்றைக் கழித்துக் கட்டினால் போதும்.

ஆனால் திங்கட்கிழமை 40 விநாடியில் விழித்த யந்திரம் செவ்வாய்க்கிழமை 6 நிமிஷம் எடுத்துக் கொண்டால், அது முதுமை அல்ல. யாரும் ஒரே இரவில் கிழவர் ஆகி விடுவதில்லை. ஒன்று, அந்த யந்திரத்தில் ஏதாவது புதிதாகச் சேர்ந்திருக்க வேண்டும். அல்லது ஏதாவது கெட்டுப் போகத் தொடங்கியிருக்க வேண்டும். முன்னது வெறும் தொந்தரவு, பின்னது அபாயம். இரண்டும் வெளிப் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

ஒரு நாள் மட்டும் தாமதமானால் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக் கொண்ட மறுநாள் காலையில் சற்று நேரம் எடுப்பது வழக்கம். வேலையின் நடுவே மின்சாரம் போய் யந்திரம் அணைந்திருந்தால், மறுமுறை எழும்போது, நம் கடையில் இரவு திருடன் வந்து போனால் மறுநாள் சரக்கை எண்ணிப் பார்ப்பது போல், அதுவும் தன் சரக்கைச் சரி பார்க்கும். அடுத்தடுத்த நாட்களிலும் தாமதம் நீடித்தால்தான் அது நோய்.

கரிசல் சீமையில் ஒரு காலை நேரம்

கோவில்பட்டிப் பக்கத்தில் சிறிய தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். (அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.) வீட்டின் முன் அறையில் ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் இருக்கிறது. பெட்டி ஒட்டியவர்களுக்கும் பண்டல் கட்டியவர்களுக்கும் சனிக்கிழமை தோறும் கொடுக்க வேண்டிய கூலிக் கணக்கு அதில் இருக்கிறது. சரக்கு அனுப்பிய பில்கள், மூத்த பெண்ணின் கல்யாணப் புகைப்படங்கள், காலஞ்சென்ற பாட்டியார் பேசிய பேச்சின் ஒலிப்பதிவு ஆகியவையும் அதிலேதான் இருக்கின்றன.

இன்று தேதி 18. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குச் சமர்ப்பிக்கிறவர்களுக்குக் கெடு 20-ம் தேதி. இந்தச் சமயம் பார்த்துக் கம்ப்யூட்டர் மூன்று நாளாக விழிக்க மறுக்கிறது. உடனே வீட்டில் ஒரு மகாநாடு கூடுகிறது.

"எல்லாம் தூசி! கரிசல் காட்டுப் புழுதி உள்ளே போய் அடைத்துக் கொண்டது" என்கிறார் வீட்டுக்கு உடையவரான அண்ணாச்சி.

"தூசியும் இல்லை, மண்ணும் இல்லை. வைரஸ் புகுந்திருக்கிறது, அப்பா" என்கிறான் காலேஜில் வாசிக்கும் பிள்ளை.

"எதற்கு வீண் பேச்சு, அத்தான்? கடையில் கொடுத்து 'பார்மட்' பண்ணி விட்டால் புதுசு மாதிரி ஓடும்" என்கிறார் ஊரிலிருந்து வந்திருக்கும் மைத்துனர்.

இவ்வளவையும் கேட்டுக் கொண்டு நின்ற வீட்டு அம்மாள், கூலிக் கணக்கை வாராவாரம் எழுதுகிறவள், ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: "அது எதனால் வேண்டுமானாலும் ஆகியிருக்கட்டும். அதற்குள் இருக்கிற கணக்கு வேறு எங்கேயாவது இருக்கிறதா?"

மகாநாடு மௌனமாகி விடுகிறது. அன்று அந்த வீட்டில் பேசப்பட்டவற்றுள் உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, வருஷாந்தரக் கணக்குச் சமர்ப்பிக்க வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதம், அதாவது முழுதாக ஆறு வருஷம், பத்திரமாய் வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் கம்ப்யூட்டருக்குள் சுழலும் தட்டு அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போடவில்லையே!

முதல் காரியம்

ஆகையால் நோய் என்ன என்று ஆராய்வதற்கு முன்னால், கணக்கையும் படத்தையும் வெளியே எடுத்து விட வேண்டும். வீட்டில் தீப்பிடித்ததோ என்று சந்தேகம் வந்தால், எந்த மூலையில் பிடித்தது என்று விவாதித்துக் கொண்டிராமல் குழந்தையைத் தூக்கிக் கொண்டு வெளியே வருகிறோம் அல்லவா? அது போலத்தான்.

கம்ப்யூட்டர் எப்படியோ முக்கி முனகி எழுந்து விட்டது என்றால், "இன்னொரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்கலாம்" என்ற சபலத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. மறுபடி அது எழுந்திராமலே போகலாம். எழுந்திருக்கிற சமயத்திலேயே ஒரு வெளி ஹார்ட் டிஸ்கையோ, பெரிய பென் டிரைவையோ செருகிப் பிரதி எடுக்கத் தொடங்க வேண்டும்.

பிரதி எடுப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடைக்காதவை முதலில்: கூலிக் கணக்கு, பில்கள், கடிதங்கள், குடும்பப் படங்கள், பாட்டியின் குரல். சினிமாப் படங்களும் பாட்டுகளும் கடைசியில், கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. விண்டோஸைப் பிரதி எடுக்க வேண்டியதே இல்லை. அது எங்கும் கிடைக்கும். கணக்கு எழுதுவதற்கென்று தனி மென்பொருள் வைத்திருப்பவர்கள், அதிலேயே உள்ள 'பாக்கப்' வசதியால் ஒரு பிரதி எடுத்துக் கொள்வது உத்தமம். எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே, பிரதி எடுத்ததாகச் சொல்லிக் கொள்ளலாம்.

தட்டுக்குள் நடக்கும் சங்கதி

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்கலாம். அதற்குக் கம்ப்யூட்டரின் ஞாபகம் எங்கே இருக்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

1956-ம் வருஷத்தில் ஐ.பி.எம். கம்பெனியார் முதல் ஹார்ட் டிஸ்க் யந்திரத்தை வெளியிட்டார்கள். அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துக்களைத்தான் ஞாபகம் வைத்துக் கொண்டன. இன்று கையடக்கமான பெட்டிக்குள் அதைப் போல லட்சக்கணக்கான மடங்கு அடங்கி விடுகிறது. ஆனால் தத்துவம் மாறவில்லை. சுழலுகிற தட்டு, அதன் மேல் படாமல் மிதந்து கொண்டு படிக்கிற ஊசி போன்ற ஒரு முனை. மேஜைக் கம்ப்யூட்டர்களில் சாதாரணமாகக் காணப்படும் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 தடவை, அதாவது விநாடிக்கு 120 தடவை சுற்றுகிறது. முனைக்கும் தட்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி, ஒரு தலை ரோமத்தின் கனத்தை ஆயிரக்கணக்கான பங்காக வகுத்தால் ஒரு பங்கு என்ன வருமோ, அவ்வளவுதான்.

தட்டின் ஓர் இடம் பழுதாகிறது என்று வைத்துக் கொள்வோம். முனை அங்கே வந்து படிக்கிறது, எழுத்துப் புரியவில்லை. உடனே கைவிட்டு விடுவதில்லை. தட்டு இன்னொரு சுற்றுச் சுற்றி அதே இடம் வரும் வரையில் காத்திருந்து மறுபடியும் படித்துப் பார்க்கிறது. இப்படி விடாப்பிடியாகப் பல தடவை முயலும். ஒரு சுற்று என்பது விநாடியில் 120-ல் ஒரு பங்குதான் என்றாலும், தடவைகள் பெருகினால் விநாடிகள் ஆகின்றன. பழுதான இடங்கள் பெருகினால் நிமிஷங்கள் ஆகின்றன. கம்ப்யூட்டர் விழிக்கும் சமயத்திலே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கும் இங்குமாகத் தேடிப் படிக்க வேண்டியிருப்பதால், இந்த நோய் முதன் முதலில் காலை நேரத்திலேயே தலைகாட்டுகிறது. நாம் சோம்பல் என்று நினைப்பது, அந்த யந்திரம் நமக்காகப் பல்லைக் கடித்துக் கொண்டு செய்கிற கடைசிப் பிரயத்தனமாகவும் இருக்கக்கூடும்.

2007-ம் வருஷத்தில் கூகிள் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் மூவர், தங்கள் கம்பெனியில் ஓடிய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்குகளைக் கவனித்து எழுதிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். தட்டைச் சோதிக்கும்போது படிக்க முடியாத ஓர் இடம் முதன் முதலாகத் தென்பட்ட டிஸ்க், அத்தகைய குறை இல்லாத டிஸ்கைக் காட்டிலும், அடுத்த 60 நாட்களுக்குள் செத்துப் போவதற்கு 39 மடங்கு அதிக சாத்தியம் உண்டு என்று அவர்கள் கண்டார்கள். "அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்கிறவர்கள் இந்த 60 நாள் கணக்கை ஞாபகத்தில் வைத்துக் கொள்வது நலம்.

நாடி பிடித்துப் பார்த்தல்

பிரதி எடுத்தாயிற்று. இனி நோயை விசாரிக்கலாம்.

ஹார்ட் டிஸ்குக்குள்ளேயே தன் உடல்நிலையைக் குறித்து வைத்துக் கொள்ளும் 'ஸ்மார்ட்' என்கிற ஏற்பாடு உண்டு. அதைப் படித்துச் சொல்ல 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவசச் சாதனங்கள் இருக்கின்றன. அது காட்டும் நீண்ட பட்டியலில் நாம் பார்க்க வேண்டியவை நாலே வரிகள். 05 என்ற வரி, பழுதான இடங்களுக்குப் பதிலாக எத்தனை மாற்று இடங்கள் உபயோகிக்கப்பட்டன என்பதைச் சொல்லும். சி5 என்பது, சந்தேகத்துக்கு இடமாகித் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கை. சி6 என்பது, படிக்கவே முடியாமற் போனவை. இந்த மூன்றுக்கும் கடைசிக் கட்டத்தில் சுத்தப் பூஜ்யங்களாக இருக்க வேண்டும். பூஜ்யம் அல்லாமல் வேறு எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால், அந்த டிஸ்குக்கு விடை கொடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

நாலாவது வரியான சி7 வேறு கதை சொல்லும். அந்த எண் ஏறிக் கொண்டே போனால், குறை பெரும்பாலும் டிஸ்கில் இல்லை. டிஸ்கையும் மதர் போர்டையும் இணைக்கும் கேபிளில் இருக்கிறது. தளர்ந்த கேபிளை அழுத்திச் செருகினால், அல்லது புதுக் கேபிள் மாற்றினால் குணமாகி விடும். ஒரு கேபிளின் குற்றத்துக்காக நல்ல டிஸ்கைக் குப்பையில் எறிவதிலிருந்து இந்த ஒரு வரி நம்மைக் காப்பாற்றும்.

எல்லாம் பூஜ்யமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? அதுவும் முடியாது. மேலே சொன்ன ஆராய்ச்சியிலேயே, செத்துப் போன டிஸ்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான அந்த அறிகுறிகள் எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை. ஆகவே, நாடி கெட்டிருந்தால் நோய் நிச்சயம். நாடி சரியாக இருந்தால் ஆரோக்கியம் நிச்சயமல்ல.

'கடக், கடக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்டால் வேறு சோதனை எதுவும் வேண்டாம். உடனே அணைத்து விட்டு, பிரதி எடுக்காத சொத்து உள்ளே இருந்தால், டிஸ்கிலிருந்து தகவல் மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கொண்டு போவதே விவேகம்.

நாலு கட்டங்கள்

டிஸ்க் குற்றவாளி அல்ல என்று தோன்றினால், அடுத்தபடி கடிகாரத்தை எடுத்துக் கொண்டு உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் விழிப்பதை இங்கிலீஷில் 'பூட்' ஆவது என்கிறார்கள். காலில் போட்ட பூட்ஸின் வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னைத் தூக்கிக் கொள்வது என்ற வேடிக்கையான வழக்கிலிருந்து பிறந்த பெயர் அது. அந்தத் தூக்கலில் நாலு கட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் நிமிஷங்கள் கரைகின்றன என்று தெரிந்தால் குற்றவாளி பாதி பிடிபட்ட மாதிரிதான்.

முதல் கட்டம்: பொத்தானை அமுக்கியதிலிருந்து, கம்பெனியின் பெயர் திரையில் தோன்றி மறையும் வரையில். இங்கே தாமதமானால் விண்டோஸைக் குறை சொல்ல நியாயமில்லை; அது இன்னும் மேடைக்கே வரவில்லை. பின்புறம் செருகி மறந்து போன பென் டிரைவ், புதிதாக வாங்கிய ஏதாவது சாதனம் இவற்றையெல்லாம் கழற்றி விட்டு மறுபடி பார்க்க வேண்டும். மதர் போர்டில் ஒரு சிறு பாட்டரி இருக்கிறது. சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். 20 மில்லி மீட்டர் விட்டம், 3.2 மில்லி மீட்டர் கனம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அது தீர்ந்து போனால் கம்ப்யூட்டரின் கடிகாரம் பின்னோக்கிப் போய் விடும். எந்த டிஸ்கிலிருந்து எழ வேண்டும் என்ற ஏற்பாடும் மறந்து போகலாம். காலையில் தேதி தப்பாகக் காட்டினால் இந்தப் பாட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது கட்டம்: விண்டோஸின் வட்டம் சுழலத் தொடங்கியதிலிருந்து, கடவுச் சொல் கேட்கும் வரையில். இங்கே தாமதமானால் டிஸ்கின் மீது மறுபடியும் சந்தேகம் விழுகிறது. அல்லது, அண்மையில் சேர்த்த டிரைவர் ஏதாவது முரண்டு பிடிக்கலாம். 'சேப் மோட்' என்னும் எளிய கோலத்தில் எழுப்பிப் பார்த்தால், சேர்த்துக் கொண்டவைகளால் வந்த வினையா, சொந்த வினையா என்பது ஒருவாறு வெளிப்படும்.

மூன்றாவது கட்டம்: கடவுச் சொல் கொடுத்ததிலிருந்து மேஜைத் திரை தெரியும் வரையில். முன்பு எப்போதோ இணைத்து, இப்போது இல்லாமற் போன வேறொரு கம்ப்யூட்டரையோ, பிரிண்டரையோ தேடித் தேடி அது அலைந்து கொண்டிருக்கலாம். டிஸ்கில் இடமே இல்லாமல் நிரம்பியிருந்தாலும் இங்கே மூச்சுத் திணறும்.

நாலாவது கட்டம்: திரை வந்து விட்டது, ஆனால் எதைத் தொட்டாலும் அசையவில்லை. இது ராஜாவின் குற்றம் அல்ல, பரிவாரத்தின் குற்றம். ஒவ்வொரு புது மென்பொருளும் "நானும் காலையிலேயே எழுந்து கொள்கிறேன்" என்று பட்டியலில் தன் பெயரைச் சேர்த்துக் கொள்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மானேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பக்கத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. வைரஸ் தடுக்கும் காவல்காரர்கள் இரண்டு பேரை வேலைக்கு வைத்திருந்தால், அவர்கள் ஒருவரை ஒருவர் சோதித்துக் கொண்டு வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்தி விடுவார்கள், ஒருவர் போதும். பிள்ளை சொன்ன வைரஸும் இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலும் அகப்படும். முழுச் சோதனை ஒன்று நடத்திப் பார்ப்பது நல்லது. அதே டாஸ்க் மானேஜரில், டிஸ்க் 100 சதவீதம் உழைப்பதாகக் காட்டி, ஆனால் விநாடிக்குச் சொற்ப அளவே படிக்கிறது என்றால், வழக்கு மறுபடியும் டிஸ்கின் மீதே திரும்புகிறது.

கடிகாரம் பிடிக்கும்போது ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, 'ஷட் டவுன்' என்று அணைத்தாலும் யந்திரம் முழுவதும் மறந்து தூங்குவதில்லை. தன் மூளையின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக் கொண்டு கண்ணை மூடுகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஆகையால் இரண்டு விதத்திலும் நேரம் குறித்துக் கொள்ள வேண்டும். ரீஸ்டார்ட் விரைவாகவும், காலையில் எழுவது தாமதமாகவும் இருந்தால், அந்த எழுதி வைக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு. கண்ட்ரோல் பானலில் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நிறுத்தி விட்டுப் பார்க்கலாம்.

தூசியின் மேல் ஒரு பழி

இப்போது அண்ணாச்சியின் கட்சியைச் சற்று விசாரிப்போம். கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண்ணின் குணம் எல்லாரும் அறிந்ததே. மழையில் காலைப் பிடித்து இழுக்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஆடி மாதத்தில், கயத்தாற்றுக் காற்றாலைகளை எல்லாம் சுழற்றி விடுகிற அந்த மேல்காற்று, புழுதியையும் வாரிக் கொண்டு வந்து ஜன்னல் வழியே கொட்டி விட்டுப் போகும். கம்ப்யூட்டரின் விசிறிகளில் அது கம்பளி போலப் படிந்திருப்பதைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆனால், பழியைச் சுமத்துவதற்கு முன்னால் சாட்சியத்தைப் பார்க்க வேண்டும். தூசி கெடுதல் செய்வது முக்கியமாக உஷ்ணத்தின் மூலமாக. உஷ்ணம் ஏற நேரம் ஆகும். இரவு முழுவதும் அணைந்து குளிர்ந்து கிடந்த யந்திரம், காலையில் எழும்போதே தடுமாறினால், தூசியைப் பிரதானக் குற்றவாளி என்று சொல்வதற்கில்லை. காலையில் விரைவாக எழுந்து, ஒரு மணி நேரம் கழித்து மந்தமானால், அப்போது தூசியைக் கூண்டில் ஏற்றலாம்.

எப்படியானாலும் வருஷத்துக்கு இரண்டு தடவை சுத்தம் செய்வது நல்லதே. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை முற்றத்துக்குக் கொண்டு போய்த் திறக்க வேண்டும். பெட்டியின் இரும்பை ஒரு தரம் கையால் தொட்டு, உடம்பிலுள்ள நிலை மின்சாரத்தைக் கழித்து விட வேண்டும். மிருதுவான பிரஷ்ஷால் தட்டி, ஊதுகுழல் யந்திரத்தால் ஊதலாம். ஊதும்போது விசிறியின் இறகை விரலால் பிடித்துக் கொள்ள வேண்டும். ஈரத் துணி கூடவே கூடாது.

ஒரு பாத்தியில் ஒரு மாற்றம்

கோவில்பட்டியில் 1901-ம் வருஷத்திலிருந்து விவசாய ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று இருந்து வருகிறது. 'கே' என்ற எழுத்தோடு பெயர் பெற்ற பருத்தி ரகங்கள் அங்கே பிறந்தவை. ஒரு விதையையோ உரத்தையோ சோதிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு பாத்தியில் ஒரே ஒரு மாற்றம் செய்து, பக்கத்துப் பாத்தியைப் பழையபடியே விட்டு வைத்து, இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். விதையையும் உரத்தையும் உழவையும் ஒரே சமயத்தில் மாற்றினால், மகசூல் ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று சொல்ல முடியாது அல்லவா?

கம்ப்யூட்டருக்கும் இதே விதிதான். ஒரு மாற்றம் செய்ய வேண்டும். அணைத்து எழுப்பி நேரம் பார்க்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் குறிக்க வேண்டும். பலன் இல்லாவிட்டால் பழையபடி வைத்து விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இணையத்தில் பார்த்த பதினைந்து யோசனைகளையும் ஒரே ராத்திரியில் செய்து முடிக்கிறவர்கள், மறுநாள் காலையில் பதினாறாவது நோயுடன் விழித்துக் கொள்வார்கள்.

மைத்துனரின் மருந்து

கடைசியாக, மைத்துனர் சொன்ன 'பார்மட்'. அதாவது டிஸ்கில் உள்ளதை எல்லாம் துடைத்து விட்டு, விண்டோஸைப் புதிதாக எழுதுவது. மென்பொருளில் நோய் இருந்தால் இது உண்மையாகவே குணம் தரும். டிஸ்கில் நோய் இருந்தாலோ, சுவரில் விரிசல் விட்ட வீட்டுக்கு வெள்ளையடித்த கதைதான். சில வாரம் பளபளப்பாக இருக்கும். பிறகு ஒரு நாள் சுவரே விழும். துடைத்த பிறகு கணக்கைத் தேடி அழுவதில் பிரயோஜனமும் இல்லை. ஆகவே, கடைக்குக் கொண்டு போகும்போது, "பிரதி எடுத்தாயிற்றா?" என்ற கேள்விக்குப் பதில் நம் கையிலே இருக்க வேண்டும். அதைக் கடைக்காரர் கேட்பார் என்று நம்பியிருக்கக் கூடாது. தட்டு முழுவதையும் தேய்த்துச் சரி பார்க்கும் 'செக் டிஸ்க்' போன்ற பலமான சிகிச்சைகளும் பிரதி எடுத்த பிறகுதான். நலிந்த நோயாளி அந்தச் சிகிச்சையிலேயே உயிரை விடலாம்.

சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்கைப் போட்டால், பழைய யந்திரமும் இளமை பெற்றது போல் எழும். அதில் சுழல்வது எதுவும் இல்லாததால் தேடி அலைவதில் நேரம் போவதில்லை. ஆனால் அதுவும் சிரஞ்சீவி அல்ல. சத்தமே இல்லாமல் ஒரு நாள் கண்ணை மூடி விடும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கம்பெனியாரின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்து விட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்கு மேற்பட்டதை ஏற்க முடியாத பழைய யந்திரங்களில் லினக்ஸ் வகை ஒன்றைப் போட்டுக் கொள்ளலாம். சென்னையிலுள்ள ஸி-டாக் ஸ்தாபனத்தார் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' என்பதும் அத்தகையதே. கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்பதை மட்டும் முன்னதாக விசாரித்துக் கொள்ள வேண்டும்.

குலுக்கையும் விதையும்

கரிசல் காட்டு மானாவாரி விவசாயி வானத்தை நம்பி விதைக்கிறவன். ஆனால் விதையை மட்டும் அவன் எதையும் நம்பி விடுவதில்லை. சாப்பாட்டுத் தானியம் குலுக்கையில் குறைந்து கொண்டே வந்தாலும், அடுத்த புரட்டாசிக்கு வேண்டிய விதை தனியே, எலியும் ஈரமும் அண்டாத இடத்தில் இருக்கும். ஒரு குலுக்கையில் வண்டு விழுந்தால் இன்னொன்று இருக்க வேண்டும் என்பது அவனுக்கு யாரும் புத்தகத்தில் சொல்லிக் கொடுத்ததல்ல.

நம் வீட்டுக் கணக்கும் படமும் பாட்டியின் குரலும் விதைத் தானியம் போன்றவை. இரண்டாவது பிரதி ஒன்று வீட்டில் தனியாகவும், மூன்றாவது பிரதி ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். மாதத்தில் ஒரு நாள், மளிகைச் சாமான் பட்டியல் போடுகிற நாளிலேயே, அதைப் புதுப்பித்துக் கொள்ளலாம். அப்படிச் செய்தவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒரு நாள் விழிக்க மறுத்தாலும், தூசியா, வைரஸா என்ற விவாதத்தைக் காப்பி சாப்பிட்டுக் கொண்டே சாவகாசமாக நடத்தலாம்.

இப்போது இதை வாசித்து முடித்ததும், பத்திரிகையை மடித்து வைத்து விட்டு, வீட்டு அம்மாள் கேட்ட அந்தக் கேள்வியை உங்கள் வீட்டிலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்: "அதற்குள் இருக்கிறது வேறு எங்கேயாவது இருக்கிறதா?"